செங்கெண்டை நீந்தும் குளம்

மலையில் ஒரே ஓடை, அந்த ஓடையில் ஒரே மடு. அந்தக் குளிர்ந்த நீரை விட்டால் செங்கெண்டை மீன் வேறெங்கும் பிழைக்காது. கருங்கல்பட்டி ஜமீன்தாருக்கோ அதை அரண்மனைக் குளத்தில் விட்டு, விருந்துக்கு வரும் பக்கத்து ஜமீன்தாரிடம் காட்ட வேண்டும். பிடித்து வந்து விட்ட மீன்களெல்லாம் வெயிலில் சூடேறிய குளத்து நீரில் செத்து மிதந்தன.

மடுவிலிருந்து அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் ஆண்டிச்சியைக் கூப்பிட்டார். "விருந்தன்னைக்கு என் குளத்துல இந்த மீன் உயிரோட நீந்தணும். இல்லேன்னா உன் குடும்பமே மலையை விட்டு இறங்கணும்."

"நீந்தும் எசமான். அதுவரைக்கும் யாரும் மடுவுல வலை போடக் கூடாது."

விருந்தன்று அவள் இரண்டு ஜமீன்தார்களையும் மூச்சிரைக்க மலையேற்றி மடுவின் கரையில் நிறுத்தினாள். தெளிந்த நீரில் செங்கெண்டைகள் கூட்டமாகத் திரிந்தன.

"என் குளத்துலன்னு தானே சொன்னேன்!" என்று சீறினார் ஜமீன்தார்.

"அப்போ இந்த மடு எசமானோடது இல்லீங்களா?"

பல வருஷமாக அந்த மடு தனக்குத்தான் என்று வழக்காடிவந்த விருந்தாளி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். ஜமீன்தார் அவசரமாக முந்திக்கொண்டார்.

"என்னோடதுதான்! இதுவும் என் குளம்தான்!"

"அப்போ எசமான் சொன்னபடியே நீந்துது. எசமான் குளத்துல இனிமே எவனாவது வலை வீசலாமா?"

"எவனும் வீசக் கூடாது!" என்று விருந்தாளியை முறைத்தபடியே கத்தினார் ஜமீன்தார்.