பின்னால் நடந்து வந்தவர்

ராக்கெட் காரை வடிவமைத்தவர் மரகதவல்லி. முகாமில் எல்லோருக்கும் அவர் டீச்சர். காரை ஓட்டியவர் அருமைநாயகம். டீச்சரைவிட வயதில் மூத்தவர். போர் விமானம் ஓட்டிய காலத்தில், தீப்பிடித்த விமானத்திலிருந்து குதித்து இடது காலை உடைத்துக்கொண்டவர். அன்றிலிருந்து அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். பணி ஓய்வுக்குப் பிறகு டீச்சரிடம் மாணவராக வந்து சேர்ந்தார்.

வந்த நாள் முதல் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இன்னும் வேகமாகப் போக முடியுமா? டீச்சர் அதற்கு வாயால் பதில் சொன்னதில்லை. ஒரு திருகாணியை மாற்றுவார். வால்பகுதியின் ஓரத்தைக் கொஞ்சம் இழைப்பார். அடுத்த முறை கார் இன்னும் வேகமாகப் போகும்.

உப்புவெளியில் அவர்கள் தங்கியது தரைவேகச் சாதனையை முறியடிக்க. அங்கே புல் கிடையாது, பறவை கிடையாது. கண் போகிற தூரம்வரை வெள்ளை. விதி எளிமையானது. ஒருமுறை ஓட்டினால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் அதே தடத்தில் திரும்பியும் ஓட்ட வேண்டும்.

அன்று முற்பகலில் நாயகம் முதல் ஓட்டத்தை ஓட்டினார். பாதி தூரத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டியதும், யாரோ பிடித்திருந்த கையை விட்டதுபோல் இருந்தது. பிறகு எஞ்சின் அணைந்தது. பாராசூட் விரிந்தது. கார் மறுமுனையில் வந்து நின்றது.

மூடியைத் திறந்தவர் மெக்கானிக் சவரிமுத்து. அவர் வாய் அசைந்தது, சிரித்தது. நாயகத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. சவரிமுத்து எரிபொருள் குழாயை எடுக்க லாரிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக் குனிந்த பிறகுதான் அவர் குரல் காதருகில் வந்தது.

"ஜெயிச்சிட்டோம்யா."

நாயகம் தண்ணீர் கேட்டார். தன் குரலும் தனக்குத் தாமதமாகத்தான் கேட்டது. தண்ணீரைக் குடித்து முடித்த பிறகு, தண்ணீர் கேட்கும் தன் குரலைக் கேட்டார்.

அப்போதுதான் தடத்தைத் திரும்பிப் பார்த்தார். கானலுக்கு நடுவில் ஒரு புள்ளி. ஒரு ஆள். அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

தடத்தில் ஆள் இருக்கிறது என்று சவரிமுத்துவிடம் சொன்னார். சவரிமுத்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். வயர்லெஸ்ஸில், கார் கிளம்பிய முனையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். தடம் காலி, யாரும் இல்லை, சீக்கிரம் கிளம்புங்கள் என்று பதில் வந்தது.

நாயகம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஆள் இடது காலை இழுத்து நடந்தான்.

டீச்சர் லாரி நிழலிலிருந்து எழுந்து வந்தார். தடத்தை ஒருமுறை பார்த்தார். நாயகத்தின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு காரின் பின்பக்கம் போய், எஞ்சினைப் பற்றவைக்கும் கருவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். உப்புத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உட்காருங்க நாயகம்," என்றார். கொஞ்சம் தாமதமாக அது வந்து சேர்ந்தது.

சவரிமுத்து கத்தினார், கெஞ்சினார், இத்தனை வருட உழைப்பு என்று சொல்லிக் கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தார். டீச்சர் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் சவரிமுத்து லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரி கண்ணிலிருந்து மறைந்த பிறகு, அது கிளம்பிய சத்தம் நாயகத்துக்குக் கேட்டது.

வெயில் சாயும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடந்து வந்தவன் அவசரப்படவில்லை. நாயகம் அணிந்திருந்த அதே ஆரஞ்சு நிற உடை தெரிந்தது. பிறகு, கையில் பிடித்திருந்த ஹெல்மெட். முகம் தெரியும் அளவுக்கு நெருங்கியபோது நாயகம் அதில் தன் முகத்தையே கண்டார். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது.

"கண்ணை மூடாதீங்க. அவர் ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கார்," என்றார் டீச்சர்.

நாயகம் மூடவில்லை. உப்பு மிதிபடும் சத்தம் அருகில் வந்தது. டீச்சர், வருகிறவருக்கு வழிவிடுவதுபோலத் தன் கால்களை ஒதுக்கிக்கொண்டார். ஒரு நிழல் நாயகத்தின் மடியில் விழுந்தது. பிறகு எதிரில் யாரும் இல்லை. அவருக்குக் கால் வலித்தது. பெரும் தாகம் எடுத்தது.

"இப்ப கேக்குதா?" என்றார் டீச்சர்.

உதடும் குரலும் ஒன்றாக வந்தன. நாயகம் தலையசைத்தார். நெடுநேரம் அழுதார். டீச்சர் தடுக்கவில்லை.

கிளம்ப எழுந்தபோது நாயகம் மறுபடியும் வெளியைப் பார்த்துவிட்டார். மிகத் தொலைவில் இன்னொரு ஆள். சிறிது தூரம் இந்தப் பக்கமாக நடந்தார். நின்றார். திரும்பி அந்தப் பக்கமாக நடந்தார். மறுபடியும் நின்றார்.

"அது யாரு டீச்சர்?"

"பால்வண்ணன். இப்ப இருக்கிற சாதனை அவர் பேர்லதான் இருக்கு."

"அவர் கோயம்புத்தூர்ல நல்லாத்தானே இருக்கார். போன மாசம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேனே."

"பேசினாரா?"

நாயகம் யோசித்தார். பேசியதெல்லாம் அவர் மனைவிதான். பால்வண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டபோதுகூடத் திரும்பவில்லை.

"அவருக்காகவும் நாம காத்திருக்கலாமே டீச்சர்."

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவர் இதே தடத்துல ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பியும் ஓட்டிட்டார், நாயகம். எந்தப் பக்கம் நடக்கணும்னு அங்க நிக்கிறவருக்குத் தெரியல."