மாதி திருப்பிக் கொண்டு வந்த அம்பு

ஒரு ஊர்ல ஒரு வில்லு இருந்துச்சாம். வில்லு இருந்துச்சு, அதை இழுக்கத்தான் ஆள் இல்லை.

"ம்."

அந்த ஊரு மலைக்கு மேல. காலையில கதவைத் திறந்தா மேகம் உள்ள வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகும், அவ்வளவு மேல. அங்க தினை விதைப்பாங்க, தேன் எடுப்பாங்க, கிழங்கு தோண்டுவாங்க, வேட்டைக்கும் போவாங்க. அந்த ஊர்ல சடையன்னு ஒருத்தர். அவரோட வில்லுதான் அது. கல்மூங்கில்ல செஞ்சது. நிறுத்தி வெச்சா ஒரு ஆள் நெத்தி வரைக்கும் வரும். நாணும் மூங்கில் பட்டைதான், சீவிச் சீவி மெலிசாக்கினது. விரலால சுண்டினா "ண்ணம்"னு ஒரு சத்தம். அது அடங்குறதுக்குள்ள நீ ஒரு வாய் சோறு மென்னு முழுங்கிடலாம்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல சடையனுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. மூணாம் நாள் போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு ஆம்பளைப் புள்ளை கிடையாது. ஒரே மக, பேரு மாதி. கல்யாணமாகி அதே ஊர்ல நாலு வீடு தள்ளி இருந்தா. காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் அப்பா குடிசைக்குப் போய்ப் பார்த்தா. அடுப்பு குளிர்ந்து கிடந்துச்சு. சுவர்ல வில்லு மட்டும் சாஞ்சு நின்னுச்சு. பிடிக்கிற இடம் அவர் உள்ளங்கை வேர்வை பட்டுப் பட்டுக் கறுத்து, மினுமினுன்னு இருந்துச்சு. மாதி அந்தக் கறுப்பு மேல தன் கையை வெச்சுப் பார்த்தா. கறுப்பு கையைச் சுத்தி வெளியிலயும் தெரிஞ்சுது. அப்பா கை இவ்வளவு பெரிசான்னு அப்போதான் அவளுக்குத் தெரிஞ்சுது. இந்த வில்லு எனக்கு வேணும், வேற எதுவும் வேணாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டா.

"குடுத்தாங்களா?"

கேளு. அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்தவங்க வில்லை யார் கேட்டாலும் குடுப்பாங்க, ஆனா மூணே மூணு தடவைதான் இழுக்க விடுவாங்க. மூணுல ஒரு அம்பாவது குறியில படணும். பட்டா வில்லு அவங்களுக்கு. படலைன்னா செத்தவர் பக்கத்துலயே வில்லையும் புதைச்சுடுவாங்க. இன்னொண்ணும் உண்டு. முழுசா இழுத்த அம்பை விட்டே ஆகணும். விடாம நாணைத் திருப்பிக் கொண்டு வந்தா, செத்தவர் முகத்தைப் பார்த்து நீ எனக்கு வேணாம்னு சொன்ன மாதிரி. வில்லு அன்னைக்கே மண்ணுக்குள்ள போயிடும். இப்படியே வளர்ந்ததால, அந்த ஊர்ல யாரும் தன்னோட சொந்த வில்லைக்கூட இழுத்துட்டுத் திருப்பினதே இல்லை. இழுப்பாங்க, விடுவாங்க, அவ்வளவுதான்.

அப்போ மாதி ஊர் மூப்பர்கிட்ட போய்க் கேட்டா. அவர் தாடியைத் தடவிக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாட்டுல எங்கயும் இல்லையேன்னு கடைசியில அவரே சொல்லிட்டு, முப்பது அடி தள்ளி ஒரு வாழைத்தண்டை நட்டு வெச்சார்.

முதல் தடவை. ஊரே வந்து நின்னுச்சு. மாதி வில்லை எடுத்தா, அம்பைக் கோர்த்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையால இழுத்தா. கை வெடவெடன்னு ஆடுச்சு. தோள் காது வரைக்கும் ஏறிடுச்சு. நாண் பாதி தூரம்கூட வரலை, விரல் நழுவிடுச்சு. அம்பு அவ கால்கிட்டயே "பொத்"துன்னு விழுந்துச்சு. எறும்பு வேட்டைக்குப் போறதுன்னா இந்த இழுப்பு போதும்னு யாரோ சொன்னாங்க. கூட்டம் சிரிச்சுச்சு.

"ம்."

சிரிக்காதவ ஒருத்திதான். மாதியோட நாத்தனார், பெள்ளி. வில்லைத் தொட்டே பார்க்காதவ. ஆனா அன்னைக்கு மாதிக்குப் பின்னாடி உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தா. வீட்டுக்கு வந்ததும், "அண்ணி, உங்க கை மட்டும் கிடந்து பாடுபடுது. முதுகு சும்மா வேடிக்கை பார்க்குது"ன்னா. அது சரிதானேன்னு மாதிக்குப் பட்டுச்சு.

வில்லைத் தொட்டுப் பழகக் கூடாது, மூணு தடவையில சேர்ந்துடும். அதனால ரெண்டு பேரும் ஓடைக்கரைக்குப் போனாங்க. அங்க ஒரு மூங்கில் புதர். அதுல ஒரு இளமூங்கிலோட நுனியில கொடியைக் கட்டி, அதையே நாணா வெச்சு மாதி இழுத்துப் பழகினா. பெள்ளி என்ன பண்ணா தெரியுமா? ஒரு நெல்லிக்காயை எடுத்து மாதி முதுகுல, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல வெச்சா. கையை விடுங்க, முதுகால இதைக் கவ்விப் பிடிங்கன்னா. முதல்ல நெல்லிக்காய் டொக்குனு கீழ விழும். பெள்ளி எடுத்துத் தின்னுடுவா. மறுபடி இன்னொண்ணு. மறுபடி டொக்கு. இப்படியே பண்ணா எனக்குப் பல்லு கூசுதுன்னு பெள்ளி புலம்பினா.

ஆனா பத்து நாள்ல நெல்லிக்காய் விழறது நின்னுச்சு. மாதி இழுப்பா, முதுகு எலும்பு ரெண்டும் கதவு சாத்துற மாதிரி நடுவுல வந்து சேரும், நெல்லிக்காய் அங்கயே நிக்கும். மூங்கிலை அப்படியே விட்டுட முடியாது, திரும்பி வந்து முகத்துல அடிச்சுடும். அதனால ஒவ்வொரு தடவையும் இழுத்த கொடியை மெதுவா, மூச்சோட சேர்த்து, திருப்பிக் கொண்டு போய் விடணும். இழுப்பா, கொண்டு போவா. இழுப்பா, கொண்டு போவா. நாள் முழுக்க.

ரெண்டாவது தடவை. இந்தத் தடவை நாண் முழுசா வந்துச்சு. சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கிச்சு. ஆனா மாதிக்குப் பயம், வில்லு கையை விட்டுப் போயிடுமோன்னு. இறுக்கி நெரிச்சுப் பிடிச்சா. குறி பார்த்தா, பார்த்தா, பார்த்துக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் பிடிச்சதுல மூச்சு முட்டிச்சு. வீணைக் கம்பியைச் சுண்டுற மாதிரி விரலை வெடுக்குனு பக்கவாட்டுல எடுத்துட்டா. நாண் "சுளீர்"னு முன்கையில அடிச்சுச்சு. அம்பு விர்ர்ருனு வாழைத்தண்டுக்கு மேல பறந்து, பின்னாடி பலா மரத்துல தொங்கின காயில போய்ச் செருகிக்கிச்சு. பால் சொட்டுச்சு. மூப்பர் நடந்து போய்ப் பலாக்காயைப் பார்த்தார், வாழைத்தண்டைப் பார்த்தார். குறி இது இல்லையேம்மான்னு வருத்தமாச் சொன்னார்.

முன்கை வீங்கிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி மாதி சாப்பிடலை. வில்லுல தப்பு இல்லை, தன் பயத்துலதான் தப்புன்னு புரிஞ்சுக்கிட்டா. கோழிக்குஞ்சை எப்படிப் பிடிப்போம்? நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. வில்லையும் அப்படித்தான் பிடிக்கணும். விடும்போது விரலை எடுக்கக் கூடாது, விரல் நாணை மறந்துடணும். அது தானாப் போகணும்.

"ம்..."

அப்புறம் என்னாச்சு, தினை கதிர் முத்துற நேரத்துல ஒரு ஒத்தப் பன்னி வந்துச்சு. கூட்டமில்லாம தனியாத் திரியற ஆண் பன்னி. கோரைப்பல்லு இத்தனை நீளம். ரெண்டு தினைக் கொல்லையை உழுத மாதிரி கிளறிப் போட்டுடுச்சு. காவலுக்குப் போன ஒருத்தர் தொடையைக் கிழிச்சுடுச்சு. அது சேத்துல புரண்டு புரண்டு, சேறு காஞ்சு, தோலு பாறை மாதிரி ஆயிடுச்சாம். யார் அம்பு விட்டாலும் "டக்"குன்னு பட்டுக் கீழ விழுந்துச்சு. இதைத் துளைக்கணும்னா சடையன் வில்லுதான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அப்போ மூப்பர் மாதியைக் கூப்பிட்டு, உன் மூணாவது குறி இந்தப் பன்னிதான்னு சொல்லிட்டார்.

விடியக்காலை. பனின்னா பனி, பால் ஊத்தின மாதிரி. மூப்பரும் இன்னும் ரெண்டு பேரும் காவல் பரண் மேல. பொம்பளைங்க எல்லாம் எதிர் மேட்டுல மூங்கில் தட்டையைக் கையில வெச்சுக்கிட்டு, பன்னி அந்தப் பக்கம் ஓடினா தட்டி விரட்டத் தயாரா. பெள்ளியும் அவங்களோடதான். மாதி மட்டும் கொல்லை ஓரத்துப் பாறைகிட்ட. காத்து அவ முகத்துல அடிக்கிற பக்கமா நின்னா, அப்போதான் அவ வாசம் பன்னிக்குப் போகாது.

சரக், சரக், சரக்.

தினைத் தட்டை விலக்கிக்கிட்டு அது வந்துச்சு. முதல்ல மூக்கு. அப்புறம் பல்லு. அப்புறம் அந்த உடம்பு. வந்துக்கிட்டே இருந்துச்சு, முடியவே இல்லை. முதுகுல பனி பட்டு ஆவி எழும்பிச்சு. காடே எழுந்து நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு மாதிக்கு. இதையா நான் அடிக்கப் போறேன்னு ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடலாமான்னு தோணுச்சாம்.

அது தலை நிமிர்ந்து நிக்கும்போது வில்லை அசைக்கக் கூடாது, பார்த்துடும். மாதி பாறையோட பாறையா நின்னா. பன்னி பக்கவாட்டாத் திரும்பி, தலையைக் குனிஞ்சு மண்ணைக் கிளற ஆரம்பிச்சுது. அப்போ மாதி இடது காலை முன்னாடி வெச்சா. தோளைக் கீழ இறக்கினா. வில்லைக் கோழிக்குஞ்சாப் பிடிச்சா. மூச்சை உள்ள இழுத்தா.

இழுத்தா.

கண்ணு, அது எப்படி இருந்துச்சு தெரியுமா? கையில பாரமே இல்லை. முதுகு திறந்து, முதுகு மூடுச்சு. அவ்வளவு பெரிய வில்லு, அப்பாவைத் தவிர யாருக்கும் வளையாத வில்லு, பூ விரியற மாதிரி சத்தமில்லாம வளைஞ்சு வந்துச்சு. நாண் வந்து அவ வாய் ஓரத்துல தொட்டு நின்னுச்சு. முழங்கை, நாண், அம்பு, பன்னியோட முன்னங்காலுக்குப் பின்னாடி இருதயம் துடிக்கிற இடம், எல்லாம் ஒரே கோட்டுல. காத்துகூட நின்னுடுச்சு. அப்பா கறுப்பாக்கின இடத்துல அவ உள்ளங்கை சூடா இருந்துச்சு. பிறந்ததுல இருந்து அவ இவ்வளவு சரியா எங்கயும் நின்னதில்லை.

விரல் மறக்கப் போற நேரம். அப்போ பனி ஒரு கையகலம் விலகிச்சு. பன்னிக்கு நேர் பின்னாடி, தினைக்கு நடுவுல, ஒரு சிவப்பு மணிமாலை.

பெள்ளி.

"ஐயோ."

ஆமா. அண்ணி இழுக்கறதைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு, மேட்டுல இருந்து யாருக்கும் தெரியாம இறங்கி வந்துட்டா. பன்னி எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியலை. அது இவளுக்கும் மாதிக்கும் நடுவுல. இந்த வில்லு விட்ட அம்பு பன்னிக்குள்ள நிக்குமா, தாண்டிப் போகுமா? யாருக்குத் தெரியும்.

விட்டா பெள்ளி. விடலைன்னா வில்லு.

மாதி யோசிக்கலை. உடம்பு யோசிச்சுச்சு. முதுகு எலும்பு ரெண்டும் விலக ஆரம்பிச்சுது, ஒரு எள்ளளவு, ஒரு அரிசியளவு. இழுக்கறதைவிடக் கொண்டு போறதுதான் பாரம். வில்லு விடு விடுன்னு இழுக்குது. அவ மூச்சை விட்டா, நாண் அந்த மூச்சு அளவு போச்சு. வாய் ஓரத்துல இருந்து கழுத்து, கழுத்துல இருந்து நெஞ்சு, நெஞ்சுல இருந்து முன்னாடி. மூங்கில் புதர்ல ஆயிரம் தடவை போன வழி. கடைசியில நாண் நேரா நின்னுச்சு. ஒரு சத்தம் இல்லை.

பன்னி தலையைத் தூக்கி மாதியைப் பார்த்துச்சு. சின்னக் கண்ணு. பார்த்துட்டு, அவசரமே இல்லாம ஓடைப்பக்கம் நடந்து போயிடுச்சு.

அம்பு பறக்கலைன்னு பரண்ல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சுது. இறங்கி வந்தாங்க. பெள்ளி தினைக்குள்ள இருந்து எழுந்து வந்தா. தான் எங்க நின்னோம், அம்பு எங்க பார்த்துச்சுன்னு அப்போதான் அவளுக்கு விளங்கிச்சு. முகம் வெளுத்துப் போச்சு. மூப்பர் அவளையும் பார்த்தார், மாதியையும் பார்த்தார். நல்ல மனுஷர்தான். தொண்டையைச் செருமிக்கிட்டு மெதுவாச் சொன்னார்.

"பனியில எங்களுக்குச் சரியாத் தெரியலை மாதி. பாதிதான் இழுத்தேன்னு சொல்லு. பாதி இழுத்துத் திருப்பினா தப்பில்லை, அதை நான் கணக்குல சேர்க்கலை. நாளைக்கு வந்து மறுபடி இழு."

பெள்ளி மாதி காதுல, "பாதின்னு சொல்லுங்க அண்ணி"ன்னு கெஞ்சினா.

மாதி வில்லைப் பார்த்தா. ஒரு வார்த்தை போதும், வில்லு இன்னைக்கும் அவகிட்ட இருக்கும். ஆனா அந்த வார்த்தையைச் சொன்னா, இப்போ நடந்தது நடக்கலைன்னு ஆயிடும். அந்த வில்லு அவளுக்காக முழுசா வளைஞ்சு வந்துச்சே, அது இல்லைன்னு ஆயிடும். அதை எப்படிச் சொல்லுவா?

"முழுசா இழுத்தேன் மாமா. நாண் வாய் ஓரத்துல பட்டுச்சு."

அன்னைக்கு மத்தியானமே சடையன் பக்கத்துல குழி தோண்டினாங்க. பெள்ளிதான் தோண்டினா, வேற யாரையும் விடலை. மாதி வில்லைக் கையால தடவி உள்ள வெச்சா. மண்ணைத் தள்ளினா. அழலை. பெள்ளிதான் அழுதா, ரெண்டு பேருக்கும் சேர்த்து.

"பன்னி?"

பன்னி அடுத்த மலைக்குப் போயிடுச்சு. அந்த வருஷம் தினை கம்மிதான். கிழங்கு தின்னு சமாளிச்சாங்க.

ஆனா அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ல என்ன நடந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலயும் ஆம்பளைங்க யாருக்கும் தெரியாம வில்லை எடுத்து, இழுத்து, திருப்பிப் பார்த்தாங்க. "ட்டங்." இங்க நழுவிச்சு. "ட்டங்." அங்க நழுவிச்சு. ஒருத்தர் அம்பு அவர் வீட்டுக் கூரையிலயே குத்திக்கிச்சு. இன்னொருத்தர் வீட்டுக் கோழியெல்லாம் கொக்கரிச்சுக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு. ஒருத்தராலயும் முடியலை.

மறுநாள் காலையில மாதி கதவைத் திறந்தா வாசல்ல மூப்பர். அறுபது வருஷம் வில்லு பிடிச்ச கையி, விரலெல்லாம் நாண் பட்டுக் காய்ச்சுப் போனது. தன்னோட வில்லை நீட்டினார். நேத்து ராத்திரி எனக்கு மூணு தடவை நழுவிடுச்சும்மா, அதை எப்படிக் கொண்டு வந்தேன்னு காட்டுன்னு கேட்டார். அவருக்குப் பின்னாடி இன்னும் நாலு பேர். அவங்களுக்குப் பின்னாடி இன்னும் பத்துப் பேர். எல்லார் கையிலயும் வில்லு.

மாதி மூப்பர் வில்லை வாங்கினா. இடது காலை முன்னாடி வெச்சா. இழுத்தா, கொண்டு போனா. அப்புறம் அவங்க இழுத்தாங்க, மெதுவா, மெதுவா கொண்டு போனாங்க. அத்தனை பேர் நின்ன வாசல்ல, பொழுது சாயறப்போ, ஒரு நாண் சத்தம்கூடக் கேக்கலை.

...

கேக்கறியா, கண்ணு?

சரி. மலைமேல எல்லாரும் வில்லைச் சாத்தி வெச்சுட்டாங்க, கதையும் இறங்கி வந்துடுச்சு. நீ தூங்கு.