பிழையே வராத நாள்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் இதில் தோற்றவர், இயக்குநர் குலசேகர். தோற்றவர் யாராவது இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்வாரா?

அவருடைய ஆய்வகத்தில் ரகசியச் சாவியை ஒளித்துகள்களாகக் கண்ணாடி இழையில் அனுப்பினார்கள். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் பிழை கூடிக் காட்டிக்கொடுத்துவிடும். செயல்விளக்கத்தன்று பிழை பூஜ்யம். டில்லி விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

இழைகளை ஒட்டும் ஒப்பந்தத் தொழிலாளி பிலவேந்திரன் மட்டும், "சார், யாரோ கேக்குறான்" என்றார்.

"பிழையே இல்லையேய்யா!" என்றார் இயக்குநர்.

"அதான் சார் பயமா இருக்கு. நான் ஒட்டுன பழைய லைன். நூத்துக்கு மூணாவது வரணும்."

"அப்ப நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

"சரிங்க சார். ஒளி அனுப்புற நம்ம லேசரை அணைக்கச் சொல்லுங்க."

"அணைச்சா இருட்டுதான்யா தெரியும்!" இயக்குநர் சிரிக்க, சபையும் சிரித்தது.

அணைத்தார்கள். பிலவேந்திரன் பெறும் கருவியிலிருந்து இழையைக் கழற்றித் தன் ஒளிமானியில் செருகினார். எண்கள் விறுவிறுவென்று ஏறின. ஒட்டுக்கேட்டவன் பலத்த ஒளியைப் பாய்ச்சிக் கருவியைக் குருடாக்கி, தான் நினைத்ததையே அது பதியும்படி செய்திருந்தான்.

"நம்ம விளக்கை அணைச்சாச்சு சார். இது யார் வீட்டு வெளிச்சம்?"

தெருமுனை இணைப்புப் பெட்டியருகே ஆள் சிக்கினான். இயக்குநர் எழுந்து நின்று பிலவேந்திரனைக் கும்பிட்டாராம். அன்றே அப்படியொரு ஒளிமானியைக் கருவியின் வாசலில் நிரந்தரமாகப் பொருத்தச் சொன்னாராம்.

போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்: "மானியை நிரந்தரமாக்கினீங்க சார். பிலவேந்திரனை?"