இருக்கறதுலயே புதுசு

“எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு டீச்சர். ஓட மாட்டேங்குது.”

மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு அருணகிரி நின்றுகொண்டே இருந்தார். மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டீச்சரான உமையாள் வயதில் ரொம்ப இளையவர். கணினியையே ரேடியோவாக்கி வானத்தைக் கேட்க, காரைக்குடியில் தன் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுக்கிறார்.

“உக்காருங்க சார்.”

“உக்கார நேரமில்லை. சாயங்காலம் தலைக்கு மேல போகுது. இதை விட்டா இல்லை.”

போகிறது என்று அவர் சொன்னது ஒரு குட்டிச் செயற்கைக்கோளை. அவர் மகள் கோதையும் கல்லூரித் தோழர்களும் சேர்ந்து செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, நாளைக்குள் எரிந்துவிடும் நிலையில் இருந்தது. அது அனுப்பும் ஒலியைப் பிடித்துப் படிக்கிற புரோகிராமைக் கோதையே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் போட்டிருந்தாள்.

“என்ன சொல்லுது?”

“லைப்ரரி வெர்ஷன் பொருந்தலையாம்.”

புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. பாதி வேலைக்கு லைப்ரரி என்ற துணைக் கோப்புகளைக் கூப்பிடும். கூப்பிட்டது ஒன்று, வந்து நின்றது வேறொன்று.

“நீங்க எதைப் போட்டீங்க?”

“இருக்கறதுலயே புதுசு.”

“அது எதைக் கேட்டுது?”

“அதைச் சொல்லலை. இது இல்லைன்னு மட்டும் சொல்லுது.”

சொல்லிக்கொண்டே இன்னொன்றை இறக்கினார். அதே பிழை. அதை நீக்கிவிட்டு வேறொன்று. அதே பிழை. கடைசியில் கோதை எழுதியதைத் திறந்து, வெர்ஷனைச் சரிபார்க்கிற வரியையே வெட்டி எறிந்தார். புரோகிராம் கிளம்பியது. திரையில் நீலமாக அலை இறங்கியது. அவர் மூச்சுவிடுவதற்குள் எல்லாம் நின்றுபோனது.

“மகளையே கேக்கலாமே சார்?”

“சத்தத்தைப் பிடிச்சு அவளுக்கு அனுப்பணும்னு இருக்கேன். அவகிட்டயே வழி கேட்டா அதுல என்ன இருக்கு?”

ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

“படிக்கிறப்ப இதைப்பத்தியே பேச வருவா. பரீட்சையை முடி, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிடுவேன். இப்ப அந்தப் பேச்சே எடுக்கறதில்லை.”

உமையாள் எழுந்து போனார். இணைய ஒயரைப் பிடுங்கினார்.

“என்ன டீச்சர் பண்றீங்க?”

“இனிமே புதுசு எதுவும் வராது.”

அருணகிரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மணி பார்த்தார். ஒயரைப் பார்த்தார். உமையாள் அதைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

செய்ய ஒன்றுமில்லாமல் அருணகிரி திரைக்கு முன்னால் வந்து நின்றார். காலையிலிருந்து அலுக்க அலுக்கப் பார்த்த பிழைச் செய்தி இன்னும் மேலே நின்றது. முதல் தடவையாக அதைக் கடைசிவரை படித்தார்.

அந்தப் புரோகிராம் எந்தக் கணினியில், எந்த ஃபோல்டரில் உருவானது என்பதும் அதில் இருந்தது. ஃபோல்டரின் பெயர் கோதை.

மறுபடி படித்தார். பிறகு போனை எடுத்தார்.

“கோதை, உன் புரோகிராம் எழுதினப்ப எந்த வெர்ஷன் வச்சிருந்தே?”



“ரொம்பப் பழசுப்பா. ஆரம்பிச்சப்ப போட்டது. கடைசிவரைக்கும் அதை மாத்தவே இல்லை.”

எண்ணைச் சொன்னாள். உமையாள் ஒயரைத் திரும்பச் செருகினார். அருணகிரி புதியவற்றையெல்லாம் நீக்கினார். வெட்டிய வரியைப் பழையபடி எழுதினார். அவள் சொன்னதை இறக்கினார்.

சாயங்காலம் தெற்கிலிருந்து செயற்கைக்கோள் ஏறி வந்தது. திரையில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. ஸ்பீக்கரில் கீச்சுக் கீச்சென்று ஒலி எழுந்தது.

போன் அடித்தது.

“கேக்குதாப்பா?”

அருணகிரி ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார்.

“நீ சொல்லும்மா.”