இரண்டாவது பெட்டி எங்கே அனுப்பும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். பெட்டிகளின் பெயரை நான் மாற்றிச் சொல்லிவிடலாம். நடந்தது இதுதான்.

என் வீட்டுக்காரர் எழுந்து நடக்க முடியாதவர். காலையில் வெளியே பூட்டிவிட்டு வருவேன். வேலை முடியும்வரை போன் லாக்கரில் கிடக்கும். என் நெஞ்சு அந்தப் பூட்டிலேயே தொங்கும்.

அன்று புதுக் கட்டடத்தில் நெட்வொர்க் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் அண்ணன் மும்தாஜிடம் குறைப்பட்டார். அண்ணனுக்கு ஐம்பது வயது, முன்பு எலக்ட்ரீஷியன். மும்தாஜுக்கு முப்பதுகூட இல்லை. ஆனால் அண்ணன்தான் சிஷ்யர்.

"குருவே, ரவுட்டர் ரெண்டு வச்சாச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். ஆனாலும் பயம் போகலையே."

"அப்படியா?" என்று மும்தாஜ் முதல் ரவுட்டர் பெட்டியின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள்.

அண்ணன் நெஞ்சில் கைவைத்தார். "நாளைக்குத்தானே கட்டடத்தைத் திறக்கப்போறோம்னு தைரியமா?"

"ஆமாண்ணே. இன்னிக்கே செத்துப் பார்க்கட்டும்."

இரண்டாவது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தீங்களா, பொறுப்பை ஏத்துக்கிச்சு," என்றார்.

ஆனால் கம்ப்யூட்டரில் வெளியே இருந்து ஒரு பதிலும் வரவில்லை.

"இந்த ரெண்டாவது பெட்டியில நீங்க அடிச்ச வரியைப் படிங்க," என்றாள் மும்தாஜ்.

"ஐபி ரூட். நாலு பூஜ்யம். மறுபடி நாலு பூஜ்யம். பத்து, பத்து, பத்து, ஒண்ணு."

"அக்காவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "எங்க போகணும்னு தெரியாம வர்றதையெல்லாம் இந்த விலாசத்துக்கு அனுப்புன்னு அர்த்தம்மா."

"அது யார் விலாசம்ணே?" என்றாள் மும்தாஜ்.

"முதல் ரவுட்டரோட..."

அவள் கையிலிருந்த ஒயரைத் தூக்கிக் காட்டினாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வரியை அழித்தார். இரண்டாவது பெட்டிக்கென்றே வெளியிலிருந்து தனியாக வந்திருந்த லைனின் விலாசத்தை அடித்தார். திரையில் பதில்கள் வரிசையாக வந்தன.

"இன்னிக்கு உங்களுக்கு ரெண்டு வடை, குருவே. ஒண்ணு ஊசிப்போனா இன்னொண்ணு இருக்கும்."

"ரெண்டும் ஒரே சட்டியில சுட்டதுண்ணே."

நான் மாப்பைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னக்கா?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர் தலைமாட்டுலயும் ரெண்டு நம்பர் எழுதி ஒட்டியிருக்கேன்மா. ஒண்ணு என்னோடது. நான் எடுக்கலன்னா பக்கத்து வீட்டு ரெஜினாவோடது."

"ரெஜினாக்கா என்ன பண்ணுவாங்க?"

"உடனே எனக்குப் போன்..."

மும்தாஜ் என்னையே பார்த்தாள். ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி வாங்கினேன். ரெஜினாவின் கையில் கொடுத்தேன்.

"இப்பவே ஒரு தடவை திற."

"நீதான் வந்துட்டியே?"

"நான் வரலன்னு நினைச்சுக்க."

நான் தெருவிலேயே நின்றேன். கதவு திறந்தது.

"வாம்மா ரெஜினா," என்றது உள்ளிருந்து அவர் குரல்.