மானின் முழங்காலும் மரங்கொத்தி வைத்தியரும்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அதில் கொம்பழகன் என்ற மான் தாண்டுவதில் கெட்டிக்காரன். புதர் இருந்தாலும் தாண்டுவான், இல்லாவிட்டாலும் தாண்டுவான்! கடைசியில் முன்னங்கால் மூட்டு தேய்ந்தே போனது.

மழை வந்தால் ஓடைக்கரை மூழ்கிவிடும். மான்கள் பெரிய பள்ளத்தைத் தாண்டி மேட்டுப் புல்வெளிக்குப் போய்விடும். தாண்ட முடியாத மான் சிறுத்தைக்கு இரை. சிறுத்தை தின்ற மிச்சம் நரிக்கு! கொம்பழகன் நொண்டுவதைப் பார்த்ததும் நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

கொம்பழகன் பயந்துபோய் மரங்கொத்தி வைத்தியரிடம் ஓடினான். ஓடினான் என்ன, நொண்டினான்.

"மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. ஸ்டெம் செல் வைக்கணும். அது புதுசா வளரக்கூடிய உயிரணு, விதை மாதிரி!" என்றாள் மரங்கொத்தி.

"அப்போ சிறுத்தையோட அணுவா வைங்கம்மா! பாய்ஞ்சே போயிடுறேன்!"

"அட அசடே! உன்னோட அணுதான் உனக்கு ஒத்துக்கும். உன் இடுப்புக் கொழுப்பிலேயே நிறைய இருக்கு!"

"கொழுப்பா? அதுக்குத்தானே என் பொண்டாட்டி தினமும் திட்டுறா!"

மரங்கொத்தி சிரித்தபடியே அலகால் கொஞ்சம் கொழுப்பை எடுத்தாள். அதிலிருந்து அணுக்களைப் பிரித்தாள். மூட்டில் ஒரே குத்து!

"ஐயோ!"

"முடிஞ்சுது! வலி சீக்கிரம் போயிடும். ஆனா மெத்தை வளர நாளாகும். மழை வர்ற வரைக்கும் நட. தாண்டாதே!"

சொன்னபடியே வலி போனது. வைத்தியர் சொன்னதை ஒட்டுக்கேட்டிருந்த நரி கணக்குப் போட்டது. இவனை இப்போதே தாண்டவைத்து மூட்டைக் கெடுத்தாக வேண்டும்!

"என்ன மாப்பிள்ளை, நொண்டலையே! எங்கே, இந்தப் பாறையைத் தாண்டு! கொம்பழகனுக்கு வயசாயிடுச்சுன்னு காடே பேசுது!"

எல்லா மான்களும் திரும்பிப் பார்த்தன. கொம்பழகனுக்குக் கால் துறுதுறுத்தது. தாண்டுவதற்குப் பின்னங்கால்களை மடக்கியேவிட்டான்! பிறகு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான்.

"விதைச்ச மறுநாளே தோண்டிப் பார்த்தா எது முளைக்கும், நரியாரே? பேசுறவங்க பேசட்டும். நான் நடந்தே போறேன்!"

"இதுக்கா பயம்? இப்படித் தாண்டணும்!" என்று நரி வீம்புக்குப் பாய்ந்தது. பாறையில் பாசி! வழுக்கித் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தது. குட்டி மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

கொம்பழகன் நடந்தே மாதங்களைக் கழித்தான். மழை வந்தது. மான்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தைத் தாண்டின. கடைசியில் கொம்பழகன் நின்றான். அக்கரையில் அவன் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் புதருக்குள் சிறுத்தையின் உறுமல் கேட்டது!

ஓடினான். எழும்பினான். அக்கரையில் நான்கு காலையும் ஊன்றி நின்றான்! மூட்டில் வலியே இல்லை!

"வந்துட்டீங்களா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள் அவன் மனைவி. சிரித்துக்கொண்டே இருவரும் புல்வெளிக்கு நடந்தார்கள்.

வலி போனதுமே வீறாப்பு காட்டாமல், உள்ளே வளர்வதற்குப் பொறுமையாக இடம் கொடுப்பவனே முழுதாகக் குணமடைவான்.