ஓரடி இடதுபக்கம்

மூன்று ஆட்டங்களில் ஐந்து கோல். ஐந்தும் ஆர்னோவின் வலதுகைப் பக்கமாகவே உள்ளே போயின.

ஜெர்மனியில், ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு துறைமுக ஊர் அது. அந்த ஊர்க் கால்பந்து அணிக்குப் பதினாறு வருடம் கோல்கீப்பராக நின்றவர் ஹார்ட்விக். முப்பத்தொன்பது வயதாகி, இந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றார். அவருக்கு அடுத்த ஆள் ஆர்னோ. பத்து வருடம் மைதானத்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஹார்ட்விக்குக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால்கூட அவனுக்கு ஒரு ஆட்டம் கிடைத்திருக்கும். வரவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்தே ஆர்னோவுக்கு முப்பத்து நாலு வயது ஆகிவிட்டது.

இப்போது இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் நிற்க முடியவில்லை.

“சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் வெளியூர் ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஆர்னோ ஹார்ட்விக் வீட்டுக்குப் போனான். அவர் தோட்டத்தில் ஒற்றைக் கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி இல்ஸே ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், ஒரு கேள்வி.”

“அந்த க்ளிப்பை எடுத்துக் குடு. அப்புறம் கேளு.”

ஆர்னோ எடுத்துக் கொடுத்தான். “நீங்க நின்ன மாதிரியேதான் நிக்கிறேன். நீங்க தட்டின மாதிரியே ரெண்டு கோல் கம்பத்தையும் தட்டிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். உங்க கையில நின்ன பந்து என் கையில ஏன் நிக்க மாட்டேங்குது?”

ஜன்னலிலிருந்து இல்ஸே சொன்னாள்: “நடக்கிறதுகூட இவரை மாதிரியேதான் நடக்கிறே ஆர்னோ. தெருமுனையில உன்னைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. இவர் ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியல.”

ஹார்ட்விக் சிரிக்கவில்லை. காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். கொடிக்கயிற்றை அவிழ்த்தார்.

“ஐயோ, எல்லாம் ஈரத்துணி!” என்றாள் இல்ஸே.

“வந்து கட்டிடுறேன்.”

கயிற்றைச் சுருட்டினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு ஆப்பிளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் மைதானத்துக்கு நடந்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை.

“கண்ணை மூடிக்கிட்டுப் போய் உன் இடத்துல நில்லு.”

ஆர்னோ கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். அவன் காலுக்கு வழி தெரியும். போய் நின்றான்.

ஹார்ட்விக் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை கயிற்றைப் பிடித்து அளந்தார். அதைப் படுக்கை விரிப்பை மடிப்பதுபோல் சரிபாதியாக மடித்தார். ஒரு நுனியைக் கம்பத்தில் வைத்து, மடிப்பு வந்து விழுந்த இடத்தில் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

“இப்போ பாரு.”

தொப்பி ஆர்னோவுக்கு ஓரடி வலதுபக்கம் இருந்தது.

“தொப்பி இருக்கிறதுதான் நடு. நீ எங்கே நிக்கிறே?”

“உங்க இடத்துல.”

“யார் சொன்னது?”

“பத்து வருஷம் பார்த்தேனே மாஸ்டர்! நீங்க எப்பவும் ஓரடி இடதுபக்கம் தள்ளித்தான் நிப்பீங்க. வலதுபக்கம் நிறைய இடம் இருக்குன்னு ஆசை காட்டுவீங்க. எதிராளி ஏமாந்து அங்கே அடிப்பான். நீங்க பாய்ஞ்சு பிடிப்பீங்க. பெரிய தந்திரம்னு பேப்பர்லகூட எழுதினாங்க.”

“ஆமா. பேப்பர்ல எழுதினாங்க.”

ஹார்ட்விக் இடது கையை மேலே தூக்கினார். தோள் உயரத்தில் அது நின்றுவிட்டது.

“இதுக்கு மேல போகாது.”

ஆர்னோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவர் கையை இறக்கவில்லை. அது மெல்ல நடுங்க ஆரம்பித்தது. ஆர்னோவின் சிரிப்பு நின்றது.

“எப்போ ஆச்சு?”

“நீ வந்த முதல் பனிக்காலம். பயிற்சியில விழுந்தேன். தரை உறைஞ்சு கல்லா கிடந்துச்சு. உள்ளே ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கும் இல்ஸேக்கும் வெளியூர் டாக்டர் ஒருத்தருக்கும்தான் தெரியும். இடதுபக்கம் எட்டாது. அதனால அந்தப் பக்கமே தள்ளி நின்னுக்கிட்டேன். வலது கைக்கு பலம் இருந்தது. மிச்சத்தை அது பார்த்துக்கிச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அடுத்த சனிக்கிழமையே நீ நின்னிருப்பே.”

ஆர்னோ அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி நான் ஜெபம் பண்ணினேன் மாஸ்டர். உங்க கையில காலில ஒரு கீறல் விழக்கூடாதுன்னு. எனக்கு ஒரு வாய்ப்பு வராதான்னு மனசு ஆசைப்படும். உடனே பயந்துபோய் இன்னொரு தடவை ஜெபம் பண்ணுவேன்.”

“தெரியும். ஒரே அறையிலதானே உடை மாத்தினோம். காதுல விழும்.”

“கேட்டுக்கிட்டேயா இருந்தீங்க?”

“ஆமா.”

ஆர்னோ எழுந்தான். முகம் சிவந்திருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஹார்ட்விக் பையிலிருந்த ஆப்பிளை எடுத்து அவனைப் பார்த்து வேகமாக எறிந்தார்.

ஆர்னோ பிடித்துவிட்டான்.

“அது எந்தக் கை?”

ஆர்னோ குனிந்து பார்த்தான். இடது கை. அவன் எழுதுவதும் இடது கையால்தான், ஸ்பூன் பிடிப்பதும் இடது கையால்தான். பெற்ற தாய் மாற்றச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்ட பழக்கம் அது. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றபோது மட்டும் அவனுக்கு அது ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

ஆப்பிளைக் கம்பத்தில் ஓங்கி அடித்தான். அது சிதறியது.

“அப்போ நான் எங்கே நிக்கணும்? அதையாவது சொல்லித் தொலைங்க!”

ஹார்ட்விக் கயிற்றைச் சுருட்டினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தொப்பி இருந்த இடத்தில் இப்போது வெறும் புல்தான் இருந்தது.

“வெயில் போறதுக்குள்ள துணியைக் காயப்போடணும்” என்றார். போய்விட்டார்.

வியாழனும் வெள்ளியும் ஆர்னோ அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. மைதானத்துக் காவல்காரர்தான் இல்ஸேயிடம் சொன்னார்: “விடிஞ்சதும் வந்துடறான். என்னை பந்தை உதைக்கச் சொல்றான். ஒரு சாண் அந்தப் பக்கம் போறான், அரைச் சாண் இந்தப் பக்கம் வர்றான். எனக்குத்தான் கால் வீங்கிப் போச்சு.”

சனிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. மேலே, கூரை போட்ட வரிசையில், ஹார்ட்விக் பேர் எழுதிய நாற்காலி ஒன்று உண்டு. அவர் அங்கே போகவில்லை. கீழே இறங்கி வந்து, ஓரத்துப் பெஞ்சின் கடைசியில், பத்து வருடம் ஆர்னோ உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

ஆர்னோ அதைப் பார்த்தான். இந்தத் தடவை கம்பங்களைத் தட்டவில்லை. கோலுக்கு முன்னால் போய், குதிகாலால் புல்லில் ஒரு கோடு கிழித்தான். ஹார்ட்விக் நின்ற இடமும் இல்லை, தொப்பி இருந்த இடமும் இல்லை. தொப்பிக்கும் ஒன்றரைச் சாண் வலதுபக்கம்.

எதிரணிக்காரர்கள் முந்தைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். வலதுபக்கமே அடித்தார்கள். முதல் பந்து அவன் நெஞ்சில் வந்து தங்கியது. இரண்டாவதும் அப்படியே. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி மறு கோலுக்குப் போனான். அங்கேயும் போய் ஒரு கோடு கிழித்தான். அவர்கள் யோசித்து இடதுபக்கம் அடித்தார்கள். அங்கே அந்த நீளமான இடது கை காத்திருந்தது. ஒரே ஒரு பந்து உள்ளே போனது. அதுவும் சொந்த ஆள் காலில் பட்டுத் திரும்பியது. ஆர்னோவின் அணி இரண்டு கோல் போட்டிருந்தது.

மேனேஜர் ஓடி வந்து ஆர்னோவின் முதுகில் தட்டினார். “வெளியூர்க்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுறேன்” என்றார்.

கூட்டம் கலைந்தது. ஆர்னோ கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஹார்ட்விக் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பெஞ்சு இவ்வளவு கட்டையாவா இருக்கும்?”

“பத்து வருஷத்துல நான் கொஞ்சம் இளக்கி வெச்சிருக்கேன், மாஸ்டர். முன்னே இன்னும் மோசம்.”

“தொண்ணூறு நிமிஷம் உட்கார முடியலடா. காலு தானா எழுந்து ஓடுது.”

“பழகிடும்.”

இருவரும் காலியான மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் இன்னும் உங்களை மன்னிக்கல” என்றான் ஆர்னோ.

“அவசரமில்லை.”

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கையைப் பத்தி வாயே திறக்காம, ‘டேய், வலதுபக்கம் தள்ளி நில்லுடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஏன் எதுக்குன்னு கேட்டிருக்கவே மாட்டேன். அப்படியே நின்னிருப்பேன். உங்க பேரும் கெட்டிருக்காது.”

ஹார்ட்விக் புல்லில் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“நின்னிருப்பே” என்றார். “அப்பவும் அது என் இடமாத்தானே இருந்திருக்கும்.”